கோபக்கார ஹரால்டும் கடன்கார மால்வாவும்

நாடுகளைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6 (2016) ஆடும்போது, கணினி ஆட்டிவைக்கும் நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடா பக்கத்தில் வந்து அமைந்தால் தலைவலிதான். பெரிய கப்பல்படை வைத்திருப்பவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். என் மூன்று ஊர்களும் கடலையே பார்க்காத உள்நாட்டில் கிடந்தன. அப்படியும் மனிதர் திரையில் தோன்றி, கப்பல் இல்லையே என்று ஏளனம் செய்துவிட்டுப் போனார். உறவுப் பட்டியலைத் திறந்தால் காரணம் எழுதியே இருக்கிறது. தெரிந்து என்ன பயன்? கப்பலைக் குளத்திலா விடுவது?

ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு கொள்கை, கூடவே மறைவாக இன்னொன்று என்று வைத்ததில் குணச்சித்திரம் கிடைத்தது, ராஜதந்திரம் போய்விட்டது. உங்கள் நலனும் அவர் நலனும் எங்கே ஒத்துப்போகிறது என்பதற்கு அங்கே பெரிய மதிப்பில்லை. அவருக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் கேள்வி. நட்பு ஒப்பந்தம் போட்டால் 30 டேர்னுக்கு (ஆட்டச் சுற்றுக்கு) அவர் போர் தொடுக்க முடியாது, அது ஆறுதல். ஆனால் கூட்டாகப் போர் அறிவித்த நண்பர் கடைசிவரை ஒரு வில்லாளியைக்கூட அனுப்பாத கதை எனக்கு எத்தனையோ முறை நடந்திருக்கிறது. 2019-ல் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்பு, மனக்கசப்பை எண்ணாகக் காட்டி, நாளடைவில் குறையவும் வைத்தது. அதற்கப்புறம் கொஞ்சம் தேவலாம்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 (2013) வேறு ரகம். ஆட்டம் 1444 நவம்பர் 11-ல் தொடங்கும். விஜயநகரத்தை எடுத்துக்கொண்டேன், வடக்கே பாமினி. அதற்கு மறுபக்கம் இருக்கும் மால்வா நாட்டோடு கூட்டணி போட்டு, போருக்குக் கூப்பிட்டால் வர மறுத்தது. பொத்தான் மேல் மவுஸை வைத்தேன்: கடனில் இருக்கிறது என்று அதன் சம்மதக் கணக்கில் சிவப்பில் பெரிய கழித்தல். சரி, பணத்தை அன்பளிப்பாக அனுப்பி, கொஞ்ச நாள் பொறுத்து, நிலம் தருவதாகவும் வாக்குக் கொடுத்ததும் வந்துவிட்டது. இங்கே எரிச்சல் இல்லையா என்றால், நிறைய உண்டு. வந்த படை, என் சேனை செத்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஒரு கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஆசையில் நாலு மாகாணம் கூடுதலாக விழுங்கினால் மற்ற நாடுகள் என் மேல் வைக்கும் ஆக்கிரமிப்புப் பழி எண் ஏறும். அது 50-ஐத் தாண்டிய நாடுகள் நான்கு சேர்ந்தால் எனக்கு எதிராக அணி கட்டிவிடும். ஆனாலும் அதில் தப்பு என்னுடையது. எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் விழுங்கினேன்.

டோட்டல் வார்: ஷோகன் 2 (2011) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் புகழ் உச்சத்தைத் தொட்டதும் ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரான ஷோகன் உங்களை எதிரியாக அறிவிப்பார். அப்புறம் பல வருடக் கூட்டாளிகளும் ஒவ்வொருவராகக் கத்தியைத் தூக்குவார்கள். வணிகமும் நின்று வருமானம் படுத்துவிடும். முதல்முறை ஆடியபோது கீபோர்டை உடைக்காத குறைதான். கதைக்கு அது பொருத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் செய்த குற்றம் ஜெயித்ததுதான் என்றால் தூது அனுப்பி என்ன ஆகப்போகிறது? அந்த நாளுக்கு முன்பே கஜானாவை நிரப்பிவைப்பது ஒன்றே வழி.

ஒரு சாயங்காலப் பொழுதுபோக்குக்கு சிவிலைசேஷன் போதும். கூட்டணியைக் கூட்டணியாக நடத்திப் பார்க்க ஆசைப்பட்டால் யூரோப்பாதான் என் தேர்வு. மால்வாவுக்கு நான் சொன்ன நிலத்தை இன்னும் கொடுக்கவில்லை. அதற்கு என் மேல் இருக்கும் நம்பிக்கை எண் இறங்கிக்கொண்டிருக்கிறது.