பிஎச்.டி.: முழுநேரமா, பகுதிநேரமா?

சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுக்கும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆய்வில் சேரலாமா, வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்யலாமா? நான் பகுதிநேரமாக முடித்தவன். ஆனாலும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தால், யோசிக்காமல் முழுநேரம் என்பேன்.

பணத்தை முதலில் பார்த்துவிடலாம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பல சுயநிதிக் கலைக் கல்லூரிகளில் சம்பளமே இதைவிடக் குறைவு. உதவித்தொகை இல்லாதவர்களுக்குத்தான் கணக்கு மாறுகிறது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவரிடம் வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் உண்மையான வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகள்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பகுதிநேரம் என்பதற்காகக் கூடுதல் அவகாசம் கிடையாது. முழுநேர ஸ்காலருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம்தான் வகுப்போ ஆய்வகப் பணியோ தரலாம். உதவிப் பேராசிரியருக்கோ வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு. அதற்கு மேல் விடைத்தாள், தேர்வறைக் கண்காணிப்பு, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு, கோடையில் அட்மிஷன் டியூட்டி. இரவு பத்து மணிக்கு மேல்தான் என் ஆய்வேடு திறக்கும்.

துறையையும் பார்க்க வேண்டும். தமிழ், வரலாறு என்றால் விடுமுறைகளில் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து ஓரளவு நகர்த்திவிடலாம். வேதியியலில் செவ்வாய்க்கிழமை தொடங்கிய வினை சனிக்கிழமை வரை காத்திருக்காது. ஆய்வகத் துறைக்காரர்களுக்குப் பகுதிநேரத்தை நான் பரிந்துரைப்பதே இல்லை.

பகுதிநேரத்துக்கு ஒரு நிஜமான பலம் உண்டு. விடுப்பு எடுக்காமல் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்த காலம் கற்பித்தல் அனுபவமாகக் கணக்கில் வரும். முழுநேர ஆய்வில் இருந்த ஆண்டுகள் அப்படி வராது. இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு 8 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

அப்புறம், பகுதிநேரமாகச் சேர வேலை பார்க்கும் கல்லூரியிடம் வாங்க வேண்டிய தடையின்மைச் சான்று. தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் (பிஎச்.டி.யில் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்பதும் அதில் இருக்க வேண்டும். நான் அப்போது வேலை பார்த்த கல்லூரி கையெழுத்துப் போட்டுத் தந்தது. கோர்ஸ்வொர்க் வந்தபோது, வகுப்பைப் பார்க்க ஆள் இல்லை என்று விடுவிக்க மறுத்தது. சம்பளமில்லா விடுப்பில்தான் போய் வந்தேன். அதனால் பகுதிநேரம் என்று முடிவெடுத்தால், எந்த நாள்களில் விடுவார்கள், உங்கள் வகுப்பை யார் எடுப்பார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே முதல்வரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.