64 பிட் கவுன்டர்களும் ரவுட்டரின் வேகமும்: வண்ணாரப்பேட்டை அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை முதல் தண்டையார்பேட்டை வரை வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் ரவுட்டர்களைப் பராமரித்து வருகிறேன். தெருவுக்கு ஒரு விலேன் (ஒரே கட்டமைப்புக்குள் தனியாகப் பிரித்த மெய்நிகர் வலையமைப்பு) எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடந்த பைட்டுகளை ரவுட்டரை இயக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் கவுன்டர்களிலிருந்து (எண்ணிகள்) எடுத்தே எந்தத் தெருவுக்குக் கொள்ளளவைக் கூட்டுவது என்று முடிவு செய்கிறோம். கவுன்டரை 32 பிட்டிலிருந்து 64 பிட்டாகப் பெரிதாக்கினால் ரவுட்டர் மந்தமாகும் என்று தொழிலில் நிலவும் அச்சத்தை என் அனுபவம் ஆதரிக்கவில்லை.

32 பிட் கவுன்டர் 4,294,967,296 பைட் கடந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். முழு வீச்சில் ஓடும் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதற்கு ஏறத்தாழ 344 வினாடி ஆகும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் 34 வினாடியே போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் மென்பொருளுக்கு இடையில் அது எத்தனை முறை திரும்பியது என்று தெரிய வழியில்லை என்பதால், நெரிசல் மிகுந்த மாலை வேளையில்தான் எங்கள் பயன்பாட்டு வரைபடம் தாழ்ந்து கிடந்தது.

செலவு எங்கே விழுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 64 பிட் பிராசசரில் கூட்டல் ஒரே கட்டளையில் முடியும். 32 பிட் ஏஆர்எம் பிராசசரில் கீழ்ப்பாதிக்கு ஒன்று, மேற்பாதிக்கு ஒன்று என இரண்டு கட்டளைகள் வேண்டும். ஒரு பாக்கெட்டை (தரவின் சிறு பொட்டலம்) கடத்தும் மொத்த வேலைக்கு முன் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இரு பாதிகளும் மாறும் இடைவெளியில் பிராசசரின் வேறொரு கோர் (தனித்து இயங்கும் கணிப்புப் பகுதி) அதைப் படித்தால், கணக்கு ஒரேயடியாக 4 ஜிபி பிசகும். இதைத் தடுக்க எல்லாக் கோர்களுக்கும் பொதுவாக, ஒரு நேரத்தில் ஒன்றே தொடும்படி ஒரு பூட்டுப் போட்டால், ஒரே கேஷ் லைனுக்காக (பிராசசரின் வேக நினைவகத்தில் ஒரு சிறு துண்டு) அவை மோதிக்கொண்டு வேகம் உண்மையிலேயே குறையும். ஆகவே லினக்ஸ் கர்னல், விலேன் போன்ற இடைமுகங்களில், ஒவ்வொரு கோருக்கும் தனிக் கவுன்டர் தந்து, 32 பிட் பலகோர் இயந்திரங்களில் கவுன்டரை மாற்றும்போதெல்லாம் கூடும் ஒரு வரிசை எண்ணையும் உடன் வைக்கிறது. படிக்கும்போது அந்த எண் மாறியிருந்தால் மறுபடி படிக்க வேண்டும். 64 பிட் கர்னலில் அந்த வரிசை எண்ணுக்கே வேலையில்லை. இவ்வாறு சுமை, பாக்கெட் செல்லும் பாதையை விட்டு, கோர்வாரியாகக் கூட்டிப் படிக்கும் பக்கத்துக்கும் சற்றுக் கூடுதலான நினைவகத்துக்கும் நகர்கிறது. மிக அழகான ஏற்பாடு இது.

பழைய 32 பிட் பெட்டியில் தெருக்கள் கூடக்கூட, கவுன்டர் திரும்புவதைத் தவறவிடாதிருக்க வினாடிதோறும் எல்லா விலேன்களையும் படித்த எங்கள் ஸ்கிரிப்ட்தான் சிபியூவைத் தின்றது. 64 பிட் கவுன்டரோ 10 ஜிபிபிஎஸ் வேகத்திலும் நிரம்ப 460 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், படிக்கும் இடைவெளியை நிம்மதியாக ஐந்து நிமிடமாக்கினோம். சுமை தணிந்தது, கணக்கும் பிசகவில்லை.

மாற நினைப்பவர்கள் கர்னலோடு நிறுத்திவிடக் கூடாது. கண்காணிப்பு மென்பொருள் ரவுட்டரிடம் கணக்கைக் கேட்டு வாங்கும் நெறிமுறையான எஸ்என்எம்பியின் முதல் பதிப்பால் 64 பிட் கவுன்டரை அனுப்ப இயலாது. கண்காணிப்பை 2சி அல்லது 3-ஆம் பதிப்புக்கு மாற்றி, உள்வரும், வெளிச்செல்லும் பைட்டுகளின் 64 பிட் கவுன்டர்களான ஐஎஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸ், ஐஎஃப்எச்சிஅவுட்ஆக்டெட்ஸ் ஆகியவற்றைப் படிக்கும்படி அமைக்க வேண்டும்.