ரூ.8,500 கட்டி ஒரு நாள் முழுக்க முதலாளிகள் பேசக் கேட்டேன்

முதலிலேயே அந்த வாகனத் துறை மாநாட்டுக்கு மார்க் போட்டுவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டரை. அதில் ஒன்றரை மதியம் பேசிய ஒரே ஒரு பெரியவருக்கு, மீதி ஒன்று டீ இடைவேளைக்கு. காலையில் பேசிய அத்தனை பேருக்கும் சேர்த்து சைபர்தான், கொஞ்சம் கோபத்தில் போடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று சொன்னால்தான் இந்தக் கோபம் புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாடகை ஷெட், நான்கு சிஎன்சி லேத், ஒரு சென்டர்லெஸ் கிரைண்டிங் மெஷின், என்னையும் சேர்த்து பத்துப் பேர். இன்ஜினுக்கு உள்ளே போகிற வால்வ் கைடும் (வால்வ் ஆடாமல் ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ளும் சின்னக் குழாய்), சில சின்ன புஷ்களும் (உராய்வைத் தாங்கும் உலோக வளையங்கள்) செய்கிறோம். கார் கம்பெனிக்கு நேராகக் கொடுப்பதில்லை, கார் கம்பெனிக்குக் கொடுப்பவருக்குக் கொடுப்பவருக்குக் கொடுக்கிறோம். மேடையில் இதற்கு டையர்-3 என்று பெயர். ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது.

வாகன உற்பத்தித் துறை மாநாடு, பெரிய கம்பெனித் தலைவர்கள் எல்லாரும் ஒரே மேடையில் என்று மெயில் வந்தது. மாநாட்டின் பெயரைப் போடவில்லை, போட்டால் யாருடைய பில் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கட்டணம் 8,500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 10,030 ரூபாய். ஜிஎஸ்டியை இன்புட்டில், அதாவது நான் கட்டும் வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கட்டினேன். கிண்டி பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டல். ஒன்பது மணி என்று போட்டிருந்தார்கள், ஆரம்பிக்கும்போது பத்து பத்து. குத்துவிளக்குக்கு ஐந்து திரி, ஏற்ற மேடையில் நின்றவர்கள் ஏழு பேர். கடைசி இரண்டு பேரும் எரிகிற திரியிலேயே மெழுகுவத்தியைக் காட்டிவிட்டு போட்டோவுக்குச் சிரித்தார்கள். ஏசி வேறு மார்கழி மாதிரி.

காலைப் பேச்சுகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. "சென்னை இந்தியாவின் டெட்ராய்ட்" என்று மதியத்துக்குள் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள், எண்ணிக்கொண்டே இருந்தேன். அமெரிக்காவின் கார் நகரமான அந்த டெட்ராய்ட், நகராட்சியே 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்த ஊர் என்று இவர்களுக்குத் தெரியாதா, இல்லை தெரிந்துதான் வாழ்த்துகிறார்களா? 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்த எண்ணூர் அசோக் லேலண்ட், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ, ஒரகடத்தில் ரெனோ நிசான் என்று வரிசையாகப் பெருமை பேசினார்கள். எல்லாம் உண்மைதான், நானும் பெருமைப்படுகிற ஆள்தான். ஆனால் அதே வரிசையில் மறைமலை நகர் வருமே, ஃபோர்டு 2021 செப்டம்பரில் நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்து 2022 ஜூலையில் கடைசி வண்டியை வெளியே விட்டதே, அதிலிருந்து சப்ளையர்கள் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா? ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் மின்வாகனம் பற்றி ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சி. இதற்காகத்தான் நான் போனதே. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வ் இன்ஜின் என்றால் பதினாறு வால்வ் கைடு. மின்மோட்டாரில் எத்தனை? ஒன்றுகூட இல்லை. என் ஷெட்டின் ஜாதகம் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. மேடையில் ஒருவர், பழைய இன்ஜினில் அசையும் பாகம் 2,000, மோட்டாரில் 20 என்று ஸ்லைடு போட்டார். அரங்கம் கைதட்டியது. எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் இன்ஜின் பாகம் செய்கிறவர்கள்தான், அவர்களும் தட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை.

அந்த ஐவரில் ஒருவர் மட்டும் விஷயத்தோடு பேசினார். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் சூட்டில் பலம் இழக்காமல் இருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற அரிய தனிமங்களைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும், அதைப் பிரித்தெடுக்கும் வேலை பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது, 2025 ஏப்ரலில் அவர்கள் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்றதும் இங்கே வண்டிக் கம்பெனிகளுக்கு வியர்த்துவிட்டது என்று மூன்றே நிமிடத்தில் சொல்லி முடித்தார். அதன்பிறகு ஒருங்கிணைப்பாளர், "சரி, அப்படியானால் சின்ன சப்ளையர்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்க, இன்னொருவர் மைக்கை வாங்கி, "மாறிக்கொள்ள வேண்டும்" என்றார். எதற்கு மாற, எந்த மெஷினுக்கு, அந்த லோனுக்கு யார் கையெழுத்துப் போடுவார், ஆர்டருக்கு யார் உத்தரவாதம்? மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதில் குறை சொன்னால் பாவம்.

மதியம் சாப்பிட்ட மயக்கத்தில் பாதி நாற்காலி காலி. அந்த நேரத்தில்தான் ஓய்வு பெற்ற ஒரு பிளான்ட் ஹெட் மேடை ஏறினார். ஸ்லைடு கிடையாது. சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையைப் பிரித்து நாலைந்து புஷ்களை எடுத்து, முன் வரிசையில் கொடுத்து, "பின்னாடி வரைக்கும் போகட்டும், எது ரிஜெக்ட்னு சொல்லுங்க" என்றார். ஹாலே விழித்துக்கொண்டது. என் கைக்கு வந்தபோது கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் பளபளவென்று இருந்தன. ஆயில் ஓட்டைக்குள் நகத்தை விட்டுத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றில் மட்டும் விளிம்பு நகத்தைப் பிடித்தது. மயிரிழை பர், அதாவது வெட்டும்போது விளிம்பில் ஒட்டி நிற்கும் உலோகப் பிசிர். அது உடைந்து ஆயிலோடு ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதே பர்ருக்காக ஒருமுறை 4,000 பீஸைத் திருப்பி வாங்கி, டெபிட் நோட்டும் (நஷ்டத்தை என் பணத்தில் கழிக்கும் சீட்டு) வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

அவர் அதற்குமேல் சொன்னதுதான் விஷயம். பர் வந்தால் எல்லாரும் ஆபரேட்டரைத் திட்டுகிறோம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னொரு ஆள் போடுகிறோம். அவர் செய்தது வேறு. டிரில்லும் இன்செர்ட்டும் (லேத்தில் வெட்டுகிற முனை) எத்தனையாவது பீஸில் மாற்றப்பட்டன என்று ஒரு மாதம் எழுதச் சொல்லியிருக்கிறார். தேய்ந்த டூலை "இன்னும் ஓடுது சார்" என்று ஓட்டிய பீஸ்களில்தான் பர் வந்திருக்கிறது. ஓட்டச் சொன்னது யார்? டூல் செலவைக் குறை என்று கத்திய மேனேஜர், அதாவது அவரேதான். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். 1998-ல் பாடியில் சுந்தரம் கிளேட்டன் இந்தியாவுக்கு முதல் டெமிங் பரிசு (தரத்துக்கு ஜப்பானில் தருவது) வாங்கியபோது, அதைப் பார்த்து ஜப்பான் வார்த்தைகளைச் சுவரில் எழுதியவர்கள் நிறைய, நோட்டில் எழுதியவர்கள்தான் குறைவு என்றார். இருபது நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். நேரம் முடிந்தது என்று மணி அடித்ததும் பாதியில் இறங்கிவிட்டார். அந்த மணியைக் காலையிலேயே அடித்திருக்கலாம்.

மறுநாள் லேத் பக்கத்தில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டி, ஒரு முனைக்கு 180 பீஸ், அதற்குமேல் ஒன்றுகூட ஓட்டாதே என்று எழுதினேன். இரண்டு வாரமாக பர் புகார் வரவில்லை. இரண்டு வாரம் ஒரு கணக்கே இல்லைதான், பார்ப்போம்.

கேள்வி நேரம் பெரிய ஏமாற்றம். எழுந்து கேட்க முடியாது, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் இருந்து சப்ளையர்களை "பங்குதாரர்கள்" என்று அழைத்துக்கொண்டே இருந்தார்களா, அதனால் நான் எழுதியது இது: 2006-ம் வருடச் சிறுதொழில் சட்டப்படி ஒப்பந்தமே போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, போதாததற்கு 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்து, கெடு தாண்டினால் சரக்கு வாங்கியவர் பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று ஆக்கியிருக்கிறார்கள், அப்படியும் என் பில் ஏன் 90 நாள் நிற்கிறது? சீட்டை வாங்கிய பெண் படித்துப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். மேடையில் வாசிக்கப்பட்ட கேள்வி, "இன்றைய இளைஞர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன?"

பதில் எனக்கு டீ இடைவேளையில் கிடைத்தது. வாழைக்காய் பஜ்ஜிக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் வேறொரு கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள். நல்ல மனிதர், ஷெட் வைத்திருக்கிறேன் என்றதும் மனம் விட்டுப் பேசினார். "அண்ணே, எங்க சிஸ்டத்துல நாள் ஓட ஆரம்பிக்கிறதே ஜிஆர்என், அதான் சரக்கு வாங்கினதுக்கான ரசீது, போட்ட அன்னைக்குத்தான். உங்க சரக்கு கேட்டுக்குள்ள வந்து பத்து நாள் இன்ஸ்பெக்‌ஷன்ல கிடந்தா அந்தப் பத்து நாள் உங்க கணக்குல போச்சு" என்றார். சட்டத்தில் அப்படி இல்லை என்பதையும் அவரேதான் சொன்னார். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்து இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். "அதனால டெலிவரி சலான்ல கேட் சீலும் தேதியும் இல்லாம டிரைவரை வெளிய வரச் சொல்லாதீங்க." பத்தாயிரம் ரூபாயில் பெரிய பங்கை இந்த ஒரு வரிக்குத்தான் கட்டினேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் தன் பஜ்ஜித் தட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விசிட்டிங் கார்டு எடுத்துக் கொடுத்தார், இன்னும் போன் பண்ணவில்லை, பண்ண வேண்டும்.

போகலாமா என்று கேட்டால், கம்பெனி காசு கட்டினால் போங்கள். சொந்தக் காசு என்றால் ஒரு பாஸை வாங்கி காலையில் மகனையோ தம்பியையோ அனுப்பிவிட்டு, மதியம் நீங்கள் போய் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், யாரும் முகம் பார்க்கிறதில்லை. உட்காரும்போது பின்வரிசைதான் நல்லது, பர்ச்சேஸ் ஆட்கள் அங்கேதான் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சணல் பை ஒன்று கொடுத்தார்கள், உறுதியான பை, இப்போது எங்கள் பையன் அதில்தான் ரிங் கேஜ்களைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

நேற்று அவர்களிடம் இருந்து மெயில். அடுத்த வருடத்துக்கு இப்போதே பணம் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடியாம். பாஸை முதலில் அனுப்புங்கள், பணத்தை 90 நாளில் தருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.