ஜனநாயகமும் கருத்தியல்களும்: ஓர் இணையவழிப் பாடநெறி பற்றிய மதிப்புரை

ஜனநாயக அரசின் நோக்கங்களையும் அரசியல் கருத்தியல்களுக்குப் பின்னால் உள்ள விழுமியங்களையும் எட்டுப் பாடங்களில் விளக்கும் இணையவழிப் பாடநெறி ஒன்றை அண்மையில் படித்து முடித்தேன். முதல் ஐந்து பாடங்களைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பழமைவாதம் பற்றிய ஆறாம் பாடமும் இறுதித் தேர்வும் திருத்தி எழுதப்பட வேண்டியவை.

முதல் பாடம் 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் முகப்புரையிலிருந்து தொடங்குகிறது. ஒன்றியத்தைச் செம்மையாக்குதல், நீதி, உள்நாட்டு அமைதி, பொதுப் பாதுகாப்பு, பொதுநலன், சுதந்திரம் என அதில் கூறப்படும் ஆறு நோக்கங்களையும் நாம் முக்கியமாகக் கருதும் வரிசையில் அடுக்கச் சொல்கிறார்கள். அடுக்கி முடித்ததும், கொள்ளைநோய் பரவும் காலத்தில் மக்கள் கூடும் இடங்களை அரசு மூட உத்தரவிட்டால் அதே வரிசை நிற்குமா என்று கேட்கிறார்கள். சுதந்திரத்தை முதலில் வைத்திருந்த நான் அதைப் பொதுநலனுக்குக் கீழே இறக்கினேன். கருத்தியல்கள் பலவும் ஏறத்தாழ இதே விழுமியங்களைத்தான் போற்றுகின்றன என்பதும், நெருக்கடியில் எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதில்தான் அவை பிரிகின்றன என்பதும் இந்த ஒரு பயிற்சியிலேயே விளங்கிவிட்டன.

இடது, வலது என்ற சொற்கள் 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையின் இருக்கை அமைப்பிலிருந்து வந்த கதை சுருக்கமாகவே வருகிறது, அது போதும். அதே ஆண்டின் பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தின் மீது ஆசிரியர் செலுத்தும் கவனம்தான் அருமை. மனிதர்கள் உரிமைகளில் சமமானவர்கள் என்று முதல் பிரிவு அறிவிக்கிறது. ஆனால் சுதந்திரம், சொத்து, பாதுகாப்பு, ஒடுக்குமுறையை எதிர்த்தல் என இரண்டாம் பிரிவு வரிசைப்படுத்தும் நான்கு உரிமைகளில் சமத்துவம் இல்லை. சட்டத்தின் முன் சமம் என்பதோடு நிற்பதா, வாழ்க்கை நிலையிலும் சமத்தை நாடுவதா என்று தாராளவாதிகளும் சோசலிசவாதிகளும் பின்னாளில் நடத்திய வாதத்தின் வித்து அங்கேயே கிடப்பதை அவர் பொறுமையாகக் காட்டுகிறார்.

நான்காம் பாடம் பிரிட்டிஷ் தத்துவவாதி ஐசையா பெர்லின் 1958-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையை அடிப்படையாகக் கொண்டது. பிறர் தலையீடு இல்லாதிருப்பது ஒருவகைச் சுதந்திரம். தன் வாழ்வைத் தானே ஆளும் நிலை இன்னொரு வகை. வரியைக் குறைக்கச் சொல்பவரும், வரி வாங்கிப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தச் சொல்பவரும் ஏன் சுதந்திரத்தின் பெயராலேயே பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இத்தனை நுட்பமாகச் சிந்திக்கத் தெரிந்தவர்கள் பழமைவாதத்தை வெறும் மாற்றத்தைக் கண்டு அஞ்சும் மனநிலையாகச் சுருக்கியது வருத்தம் தருகிறது. பழமைவாதச் சிந்தனையின் முன்னோடியாகக் கருதப்படும் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கடுமையாக எதிர்த்தவர்; ஆனால் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாதாடியவரும் அவரே. மாற்றத்துக்கு வழியில்லாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியற்றது என்று கருதியவர். பாடத்தில் இவை எதுவும் இடம்பெறவில்லை.

இறுதித் தேர்வோ பொருளாதாரம், சமூகம் என்ற இரண்டு அச்சுகளில் நம்மை ஒரு புள்ளியாகக் குறித்துவிடுகிறது. முதல் பாடத்தின் வரிசைப் பயிற்சியையே அதற்குப் பதிலாக மீண்டும் தந்திருக்கலாம். நானே அதைச் செய்து பார்த்தபோது, முதன்முறை கடைசியில் வைத்திருந்த உள்நாட்டு அமைதி இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தது.