பித்தப்பை வர மறுக்கும்போது: வயிற்றைத் திறப்பதா, பாதியோடு நிறுத்துவதா?

வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கேமராவில் பார்த்தபடி செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுக்கும்போது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயப்படலாம் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் அது கை தவறி நேர்வதல்ல, கண் ஏமாந்து நேர்வது. வீங்கி ஒட்டிக் கிடக்கும் திசுவுக்குள் கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தையே பித்தப்பையின் குழாய் என்று நம்பி, கிளிப் போட்டு வெட்டிவிடுகிறார்கள். இதைத் தடுக்க ஸ்ட்ராஸ்பர்க் என்ற அறுவை மருத்துவர் 1995இல் முன்வைத்த நெறி இன்று உலகெங்கும் பாடம். பித்தப்பைக் குழாய்க்கும் பித்தநாளத்துக்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட கலோட் முக்கோணத்தின் கொழுப்பும் நாரும் நீங்கி, பையின் கீழ்ப்பகுதி கல்லீரலைவிட்டுப் பிரிந்து, பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் நுழைவது தெரியும்வரை எதையும் வெட்டக் கூடாது.

சரி, அந்தக் காட்சி கிடைக்கவே இல்லை என்றால்?

பழைய பதில், விலாவுக்குக் கீழே கீறி வயிற்றைத் திறப்பது. விரலால் தொட்டுப் பார்க்கலாம். இரத்தம் பீறிட்டால் உடனே அழுத்திப் பிடிக்கலாம். ஆனால் ஒட்டிப்போன திசு, வயிற்றைத் திறந்ததும் பிரிந்து வழிவிடுவதில்லை. 1953இல் லண்டனில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆன்டனி ஈடனுக்கு நடந்தது திறந்த அறுவைதான். லேப்ராஸ்கோப்பி அப்போது இந்த வேலைக்கு வரவே இல்லை. அவருடைய பித்தநாளம் காயப்பட்டது. பாஸ்டனில் ரிச்சர்ட் கேட்டல் அதைச் சீரமைத்தார். ஆனாலும் பித்தநாளத் தொற்றுக் காய்ச்சல் பிரதமரான பிறகும் அவரை விடவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேப்ராஸ்கோப்பியிலேயே பயின்று வந்த தலைமுறைக்கு, திறந்த முறையில் கடினமான பித்தப்பையை எடுத்த பழக்கம் குறைவு. பழகாத வழியை, அதுவும் மிக மோசமான நாளில், பாதுகாப்பு என்று அழைப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

மற்றொரு வழி, பையின் பெரும்பகுதியை மட்டும் வெட்டி, கற்களை வெளியேற்றிவிட்டு, ஆபத்தான முக்கோணத்தைத் தொடாமலே திரும்புவது. இதற்கும் விலை உண்டு. மிச்சத்தைத் தைத்து மூடாமல் விட்டால் சில நாட்கள் பித்தம் கசியலாம். வடிகுழாய் வைத்தால் பெரும்பாலும் தானே நிற்கும். நிற்காவிட்டால் வாய்வழியே கேமராக் குழாயைச் செலுத்தும் ஈஆர்சிபி முறையில், பித்தநாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். தைத்து மூடினால் கசிவு குறைவு. ஆனால் எஞ்சிய சிறு பையில் மறுபடி கல் சேர்ந்து வலி திரும்பலாம், இரண்டாவது அறுவையும் தேவைப்படலாம். நாளம் துண்டானவருக்கு நேர்வதோ வேறு: சிறுகுடலின் ஒரு வளையத்தைக் கல்லீரல் நாளத்தோடு இணைக்கும் பெரிய அறுவை, அதன்பின் அந்த இணைப்பில் சுருக்கம் வருகிறதா என்று ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

எனவே என் தேர்வு பாதியோடு நிறுத்துவதே. கட்டுப்படாத இரத்தக்கசிவு என்றால் திறப்பதைத் தவிர வழியில்லை. புற்றுநோய் என்ற சந்தேகம் எழுந்தால் பையை வெட்டித் திறப்பதே தவறு. இவ்விரண்டும் இல்லாதபோது, தோல்வி என்று கருதப்படுமோ என்ற கூச்சம் மட்டுமே தடையாக நிற்கிறது.

பாதியோடு நிறுத்தியிருந்தால் அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதித்தரச் சொல்லுங்கள். சில ஆண்டுகள் கழித்து ஸ்கேனில் கல்லோடு ஒரு சிறு பை தெரியும்போது, பித்தப்பையைத்தான் எடுத்தாயிற்றே என்று புதிய மருத்துவர் குழம்பாமல் இருக்க அந்த ஒரு வரிதான் உதவும்.