ஓதம் திறந்துவிடும் வழி: உப்பங்கழிச் சதுப்பில் கயாக் தூண்டில் மீன்பிடிப்பு, நீண்டகால அனுபவம்

உப்பங்கழிச் சதுப்பில் தூண்டில் போடுவதற்காகக் கயாக் வாங்க நினைப்பவர்கள், படகின் நீளம், இருக்கையின் வசதி, தூண்டில் தாங்கிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சிட் ஆன் டாப் எனப்படும், மேல்தளத்தில் அமர்ந்து செலுத்தும் பாலிஎத்திலீன் கயாக்கைப் பல பருவங்களாக இத்தகைய சதுப்பில் பயன்படுத்திய பிறகு, அந்த விவரங்களுக்கு நான் தரும் இடம் மிகவும் குறைந்துவிட்டது. எந்த நேரத்தில் எந்தக் கரையிலிருந்து இறங்க முடிகிறது, அதே கரையில் எந்த நேரம்வரை திரும்பி ஏற முடிகிறது என்பதே இங்கே படகின் பயனை நிர்ணயிக்கிறது. ஆளும் பொருளும் ஏறிய நிலையிலும் ஒரு சாண் ஆழத்தில் மிதந்துவிடும் படகுதான். ஆனால் அந்த ஒரு சாண் நீர் எல்லா நேரத்திலும் இருப்பதில்லை.

கடலின் நீர்மட்டம் ஏறி இறங்குவதே ஓதம். பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு உயர் ஓதங்களும் இரண்டு தாழ் ஓதங்களும் வருகின்றன. ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் கழிவதால், ஓதத்தின் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. வார விடுமுறையில் மட்டும் செல்பவர்களுக்கு இதன் விளைவு சற்றுக் கொடுமையானது: இந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தளும்பி நின்ற துறை, அடுத்த சனிக்கிழமை அதே ஆறு மணிக்கு ஏறக்குறைய வற்றிக் கிடக்கும். ஆகவே ‘காலையில் போய்விடுவோம்’ என்ற திட்டத்துக்குச் சதுப்பில் பொருளே கிடையாது. அமாவாசை, பௌர்ணமியையொட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அட்டமியையொட்டி அவை சுருங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அட்டமி நாள்களையே பரிந்துரைக்கிறேன். மீன் சற்றுக் குறைவாகச் சிக்கலாம், ஆனால் நீரின் இழுப்பு மிதமாக இருக்கும்; துறையும் அதிக நேரம் பயன்படும்.

ஓத அட்டவணையை அப்படியே நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அட்டவணை பொதுவாகத் துறைமுகத்துக்கோ கழிமுகத்துக்கோ கணிக்கப்பட்டது. வளைந்து வளைந்து உள்ளே செல்லும் சிறு கழிகளுக்கு நீர் தாமதமாகவே வந்து சேரும். அந்தத் தாமதம் கழிக்குக் கழி மாறுபடுவதால், துறையருகே ஒரு கோலை நட்டு, நீர் ஏறி நிற்கும் நேரத்தை வெவ்வேறு நாள்களில் குறித்துக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. அதோடு, கரையிலிருந்து கடல் நோக்கி வலுவாகக் காற்று வீசும் நாளில் அட்டவணை சொல்லும் உயரத்துக்கு நீர் வராது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எதிர்த்திசையில் மாறும். ஆழ்கடலில் இவை பொருட்படுத்தத் தகாத அளவுகள். சதுப்பிலோ படகு மிதப்பதற்கும் தரைதட்டுவதற்கும் இடையே உள்ள வேறுபாடே இவ்வளவுதான்.

வற்றம் சீராக நடப்பதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். மாலுமிகள் கைக்கொள்ளும் பன்னிரண்டில் ஒரு பங்கு விதியின்படி, ஆறு மணி நேர வற்றத்தின் முதல் மணியில் மொத்த இறக்கத்தில் 12இல் 1 பங்கும், இரண்டாம் மணியில் 2 பங்கும், மூன்றாம், நான்காம் மணிகளில் தலா 3 பங்கும் நீர் இறங்குகிறது. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் போய்விடுகிறது. உயர் ஓதத்துக்குப் பிந்தைய முதல் மணி நேரத்தில் நீர் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றுவதால் வரும் நிதானம்தான் பலரைச் சேற்றில் உட்காரவைக்கிறது.

இதில் வேதனை என்னவென்றால், மீன் நன்றாகக் கடிக்கும் நேரமும் இந்த வற்றமே. ஏற்றத்தின்போது மடவைக் குஞ்சுகளும் இறாலும் நண்டும் புல்வெளிக்குள் பரவுகின்றன. வற்றத்தில் அவை சிறு வாய்க்கால்கள் வழியாகக் கழிக்குத் திரும்பும்போது, வாய்க்கால் முகங்களில் பெரிய மீன்கள் காத்து நிற்கின்றன. கயாக்கின் உண்மையான அனுகூலம் இங்கேதான் வெளிப்படுகிறது: விசைப்படகு நெருங்க முடியாத ஆழத்தில், சத்தமின்றி, அந்த முகங்களுக்கு எதிரே நிற்க முடிகிறது. நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. ஏற்றத்தோடு உள்ளே சென்று, வற்றம் தொடங்கியதும் உட்புறத்து முகங்களை விட்டு வெளிப்புறத்து முகங்களுக்கு ஒவ்வொன்றாக நகர்ந்து, நீரோட்டத்தோடே துறையை நோக்கி வருகிறேன். எப்போது நகர வேண்டும் என்பதை மீனிடம் விடுவதில்லை. துடுப்பின் அலகைச் செங்குத்தாக இறக்கிப் பார்க்கும்போது அது முழுதாக மூழ்காமல் தரையைத் தொட்டால், கடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுவேன்.

துறைகளைப் பொறுத்தவரை, கான்கிரீட் சரிவுகள் பற்றிய பொதுவான புகழ்ச்சியை நான் ஏற்கவில்லை. நீர் இறங்கியதும் வெளிப்படும் அவற்றின் கீழ்ப்பகுதி பாசி படிந்து வழுக்குகிறது. சரிவு முடியும் இடத்துக்கு அப்பால் பெரும்பாலும் வெறும் சேறுதான். மிதவை மேடை ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் எந்நேரமும் பயன்படும், ஆனால் மேடையின் தளம் நீரிலிருந்து உயர்ந்திருந்தால் தாழ்வான படகுக்குள் சமநிலை தவறாமல் இறங்கத் தனிப் பயிற்சி வேண்டும். எனக்குப் பிடித்தது, கழியின் வெளிவளைவை ஒட்டிய, மணலும் உடைந்த சிப்பியும் கலந்த கெட்டியான கரை. வெளிவளைவில் நீரோட்டம் அடித்தளத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் தாழ் ஓதத்திலும் ஓரளவு ஆழம் எஞ்சுகிறது. சேறு படியும் உள்வளைவில் காலை ஊன்றினால் முழங்கால்வரை புதையும். அப்படிப் புதைந்தால் எழுந்து நிற்க முயலாமல், படகின் மேல் குறுக்காகச் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, கால்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

உபகரணங்களில், பருத்த காற்றுச் சக்கரங்கள் கொண்ட தள்ளுவண்டி மிகவும் பயனுள்ளது. மெல்லிய சக்கரங்கள் மணலிலேயே புதைந்துவிடுகின்றன. ஆயினும் உப்பு நீர் அதன் அச்சையும் திருகுகளையும் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவினாலும் அவற்றை மாற்ற வேண்டியே வருகிறது. படகின் பின்னடி, இழுக்கும்போது உராய்ந்து மற்ற இடங்களைவிட வேகமாகத் தேய்கிறது. சிப்பித் திட்டுகளின் கீறல்கள் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் மேலோட்டமானவை. பெடல் பொறி திறந்த கழியில் கைகளைத் தூண்டிலுக்கு விட்டுத் தருவது உண்மைதான். ஆனால் அதன் துடுப்பிலைகள் படகின் அடியைவிட ஆழமாக இறங்குவதால், படகின் முக்கிய அனுகூலத்தையே அது பறித்துவிடுகிறது. குறுகிய வாய்க்காலுக்கு நான் கைத்துடுப்பையே எடுத்துச் செல்கிறேன். நங்கூரத்துக்குப் பதிலாகச் சேற்றில் ஊன்றும் கோல் போதுமானது. வேகமாக வற்றும் நீரில் சேற்றில் சிக்கிய நங்கூரம் ஆபத்தாகவும் முடியலாம். மிதவைச் சட்டை எப்போதும் உடலில் இருக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் அடுத்த ஏற்றத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், கூடுதல் குடிநீர், தலைவிளக்கு, கொசுத் தைலம் ஆகியவற்றை நான் ஒருபோதும் குறைப்பதில்லை.

கரை யாருடையது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது. உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே பொதுமக்கள் நடக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் சில சதுப்புகள் மூடப்படுகின்றன. அனுமதி உள்ள இடத்திலும் ஏற்கெனவே தேய்ந்த ஒரே தடத்தில் படகை இழுப்பதே முறையாகும், ஏனெனில் புல்லின் வேர்களே கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆளுக்கொரு வழியாக மிதித்தால் கரை சரிந்து, கெட்டியாக இருந்த துறையும் சேறாகிவிடும்.