வீடியோவில் கலக்கும் டில்டிங் கிரைண்டர்: வாங்கலாமா?

சமையல் சேனல்களில் இப்போது அடிக்கடி வருகிற, டிரம்மைச் சாய்த்து மாவு எடுக்கும் 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர்தான் எங்கள் வீட்டிலும் ஓடுகிறது. மாவில் குறையே சொல்ல முடியாது. உளுந்து நன்றாகப் பொங்கி வருகிறது, மிக்சி மாதிரி சூடாவதில்லை, இட்லி மெத்தென்று இருக்கிறது. இதை வீடியோவில் சொன்னது உண்மைதான்.

சொல்லாததுதான் நிறைய. ஊறிய உளுந்தைப் போடுவார்கள், அடுத்த நொடி மாவு தயார், நடுவில் அது ஓடுகிற நேரம் முழுக்க வெட்டப்பட்டு மேலே ஒரு பின்னணி இசை ஓடும், அதனால் மெஷின் எவ்வளவு சத்தம் போடும் என்று வாங்கி வீட்டில் போட்ட பிறகுதான் தெரியும். சாய்த்து மாவு எடுப்பதை நாலு கோணத்தில் காட்டுகிறார்கள், ஆனால் இந்த மாடலில் டிரம்மைக் கழற்ற முடியாது, உள்ளேயே தண்ணீர் ஊற்றித் தேய்த்துச் சாய்த்து ஊற்ற வேண்டும், அதை யாரும் காட்டுவதில்லை. பெல்ட் தேய்ந்தபோது சர்வீஸ் சென்டரில் "பார்ட் வரலை" என்றே இழுத்தடித்தார்கள். எனக்கு இதுதான் பெரிய கோபம்.

வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்கில் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன் போகும். சம்பாதிக்கட்டும், தப்பில்லை, ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலே அதைத்தான் சொல்கிறது: பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதை வீடியோவுக்குள்ளேயே, எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும், கீழே குறிப்பில் மட்டும் போட்டால் போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், தயங்காதீர்கள்.

கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்கே தலைமுறையாக இதே தொழிலில் இருக்கும் சின்னப் பட்டறைகளால் எந்த சேனலுக்கும் காசு கொடுக்க முடியாது, அதனால் அவர்களின் கிரைண்டர் நம் போனில் வருவதே இல்லை. முடிந்தால் கடைக்கே போய் மெஷினை ஓடவிட்டுக் கேளுங்கள், டிரம் கழலுமா என்று பாருங்கள், உங்கள் ஊரில் பெல்ட் மாற்ற ஆள் உண்டா என்று விசாரியுங்கள்.

வாராவாரம் மாவு அரைக்கும் வீடு என்றால் டில்டிங் கிரைண்டரைத் தாராளமாக வாங்கலாம். அப்புறம், வீடியோவில் பாதி நேரம் காட்டுகிற தேங்காய்த் துருவிக்கும் சப்பாத்தி மாவு பிசையும் பிளேடுக்கும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், மாட்டிக் கழற்றிக் கழுவுவதற்குள் கையாலேயே வேலை முடிந்துவிடும்.